ஒரே இழை, மூன்று இயல்புகள்

எழுதுகோலைப் பற்றும் விரல்களின் நுட்பமான அசைவு, உறக்கத்திலும் ஓயாத இதயத் துடிப்பு, உண்ட உணவை நகர்த்தும் குடலின் நெளிவு என மனித உடலின் பெரும்பாலான அசைவுகள் ஒரே வகைத் திசுவின் வேலையாகும். உணவிலிருந்து கிடைக்கும் வேதி ஆற்றலை இழுவிசையாக மாற்றும் அந்தத் திசுவே தசை. தசையால் சுருங்கி இழுக்க முடியும். தானாக நீண்டு தள்ள முடியாது. முழங்கையை மடக்க மேற்கையின் முன்புறத்தில் ஒரு தசையும் அதை நீட்டப் பின்புறத்தில் மற்றொரு தசையும் என எதிரெதிர் இணைகளாகத் தசைகள் அமைந்திருப்பதற்கும், இதயமும் குடலும் தமக்குள் இருப்பதைச் சுற்றி வளைத்துப் பிழியும் வகையில் பையாகவும் குழலாகவும் உருவெடுத்திருப்பதற்கும் இந்த வரம்பே காரணம்.

உடலியல் நூல்கள் தசைத் திசுவை மூன்று வகைகளாகப் பிரிக்கின்றன. எலும்புகளோடு இணைந்து உடலை அசைப்பது எலும்புத் தசை. நுண்ணோக்கியில் குறுக்குவரிகள் தெரிவதால் வரித்தசை என்றும் வழங்கப்படும் இது, 600-க்கும் மேற்பட்ட தனித்தனித் தசைகளாகப் பிரிந்து, உடல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் கொண்டிருக்கிறது. இதயச் சுவருக்கே உரியது இதயத் தசை. இரைப்பை, குடல், சிறுநீர்ப்பை, கருப்பை, இரத்தக் குழாய்கள், மூச்சுக் கிளைக்குழல்கள் ஆகியவற்றின் சுவர்களில் வரிகளின்றி அமைந்திருப்பது மென்தசை. இலங்கைப் பாடநூல்களில் இது மழமழப்பான தசை எனப்படுகிறது.

வரி உள்ளது, இல்லாதது; இச்சைக்கு உட்பட்டது, உட்படாதது என இந்த மூன்றையும் ஓர் அட்டவணைக்குள் அடக்கிவிடுவது எளிது. ஆனால் அந்த அட்டவணை, மூன்றுக்குள்ளும் ஓடுவது ஒரே இயந்திரம்தான் என்பதை மறைத்துவிடுகிறது. அந்த இயந்திரத்துக்கு ஆணை எங்கிருந்து வருகிறது, அது எவ்வளவு விரைவாக இழுக்கிறது, இழுத்ததை எவ்வளவு நேரம் பிடித்து நிற்கிறது என்பவற்றிலேயே மூன்றும் பிரிகின்றன. எலும்புத் தசை கணத்துக்காகவும், இதயத் தசை தாளத்துக்காகவும், மென்தசை நெடுநேரத் தாங்கலுக்காகவும் அமைந்தவை. இந்தக் காலக்கணக்கைப் பிடித்துக்கொண்டால், அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும் தனக்குரிய காரணத்தோடு விளங்கத் தொடங்கும்.

பொதுவான இயந்திரம்

எலும்புத் தசையின் மெல்லிய சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தால், நீளமான நார்களின் குறுக்கே கருத்த பட்டையும் வெளிறிய பட்டையும் மாறி மாறி வருவது தெரியும். இந்த வரிகளை 17-ஆம் நூற்றாண்டிலேயே டச்சு நாட்டு அந்தோனி வான் லீவன்ஹூக் கண்டிருந்தார் எனினும், அவற்றின் பொருள் விளங்க 1954-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரோல்ஃப் நீடர்கெர்கே ஆகிய இருவரும், ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் ஆகிய இருவரும் தனித்தனியே ஆய்ந்து, 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் ஒரே முடிவை அறிவித்தனர். தசை சுருங்கும்போது வெளிறிய பட்டை குறுகுகிறது. கருத்த பட்டையின் அகலமோ மாறுவதில்லை. இழைகள் தாமே சுருங்குவதாக இருந்தால் இவ்வாறு நிகழ வாய்ப்பில்லை. எனவே இரு வகை இழைகள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் செல்வதாலேயே தசை குறுகுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. இதுவே வழுக்கும் இழைக் கோட்பாடு எனப்படுகிறது.

அந்த இழைகளில் தடித்தது மயோசின் என்ற புரதத்தால் ஆனது. மெல்லியது ஆக்டின் என்ற புரதத்தால் ஆனது. மயோசின் இழையிலிருந்து நீண்டிருக்கும் சிறு தலைகள் ஆக்டினைப் பற்றி, வளைந்து இழுத்து, விட்டு, சற்றுத் தள்ளி மீண்டும் பற்றுகின்றன. கிணற்றிலிருந்து நீர் இறைப்பவர் கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பதற்கு இது ஒப்பானது. இழுப்பதற்கான ஆற்றலை, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. என்ற மூலக்கூறு தருகிறது. பற்றிய பிடியை விடுவதற்கும் ஏ.டி.பி.யே தேவை என்பதால்தான், இறந்த பின் அது தீர்ந்துபோன உடலில் தசைகள் விறைத்து நின்றுவிடுகின்றன. சுருங்கத் தொடங்குவதற்கான சமிக்ஞை, செல்லுக்குள் கால்சியம் அயனிகளின் அளவு திடீரென உயர்வதாகும். ஆக்டின், மயோசின், ஏ.டி.பி., கால்சியம் ஆகிய இந்த நான்கும் மூன்று வகைத் தசைகளுக்கும் பொதுவானவை.

கணத்துக்கான தசை

எலும்புத் தசையின் அடிப்படை அலகான தசை நார், கரு வளர்ச்சியின்போது பல செல்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவான நீண்ட உருளையாகும். ஒரு நாருக்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் விளிம்பையொட்டி வரிசையாகக் கிடப்பதற்கு இதுவே காரணம். நாருக்குள் ஆக்டினும் மயோசினும் சார்கோமியர் எனப்படும் சிறு அறைகளில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் வரிகள் இந்த ஒழுங்கின் வெளித்தோற்றமே. ஓய்வில் ஒரு சார்கோமியரின் நீளம் 2.5 மைக்ரோமீட்டர் எனக் கொண்டால், 10 சென்டிமீட்டர் நீளமுள்ள நாரில் 40,000 சார்கோமியர்கள் முனைக்கு முனை கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் அரை மைக்ரோமீட்டர் மட்டுமே குறுகினாலும், எல்லாம் ஒரே நேரத்தில் குறுகுவதால், நார் முழுவதும் நொடிப்பொழுதில் 2 சென்டிமீட்டர் சுருங்கிவிடுகிறது. அடுக்கின் ஒழுங்கே வேகத்தின் ரகசியம்.

இத்தசை தானாக இயங்குவதில்லை. தண்டுவடத்திலிருந்தோ மூளைத்தண்டிலிருந்தோ வரும் இயக்க நரம்பு செல் ஒன்று, தன் முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்தால் மட்டுமே நார் தூண்டப்பட்டு, தனக்குள் சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தை விடுவிக்கிறது. கண்விழியைத் திருப்பும் தசைகளில் ஒரு நரம்பு செல்லுக்கு ஏறத்தாழப் பத்து நார்களே கட்டுப்பட்டிருக்க, கெண்டைக்கால் தசையில் ஒரு செல்லின் கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நார்கள் இருப்பதால், முன்னதற்கு நுட்பமும் பின்னதற்கு வலிமையும் வாய்த்தன. ஆணை நின்றுபோனால் இத்தசை பிழைப்பதும் அரிது. போலியோ நோயில் தாக்கப்படுபவை தண்டுவடத்தின் இயக்க நரம்பு செல்கள்தான். தசையில் நோய் ஏதும் இல்லாதபோதும், ஆணையின்றிக் கிடந்தே அது மெலிந்து சூம்பிவிடுகிறது.

எலும்புத் தசைக்குள்ளேயே காலக்கணக்கு மேலும் பிரிவதை இறைச்சிக் கடையிலேயே பார்க்கலாம். கோழியின் நெஞ்சுக்கறி வெளிறியும் தொடைக்கறி சிவந்தும் இருக்கின்றன. நாள் முழுதும் நின்றும் நடந்தும் கிளறியும் திரியும் கோழியின் காலில், ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும் மையோகுளோபின் என்ற சிவப்புப் புரதமும், ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகளும் நிறைந்த மெதுவகை நார்கள் மிகுதி. ஆபத்து நேரும்போது மட்டும் படபடவெனச் சிறகடித்து மதில்மேல் ஏறுவதற்கான நெஞ்சுத் தசையிலோ, விரைந்து சுருங்கி விரைந்து களைக்கும் வேகவகை நார்களே மிகுதி. நெடுந்தொலைவு பறக்கும் புறாவின் நெஞ்சுக்கறி கருஞ்சிவப்பாக இருப்பது இந்த விளக்கத்துக்கு வலுச்சேர்க்கிறது. மனிதத் தசைகளில் இவ்விரு வகைகளும் கலந்தே கிடக்கின்றன. முதுகை நிமிர்த்தி நிறுத்தும் தசைகளில் மெதுவகை நார்களின் பங்கு அதிகம்.

தாளத்துக்கான தசை

இதயத் தசையிலும் வரிகள் உண்டு; சார்கோமியர்களும் உண்டு. ஆனால் இங்கே செல்கள் ஒன்றிணைந்து நீண்ட நாராக மாறாமல், பெரும்பாலும் ஓரிரு உட்கருக்களோடு, ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர் நீளத்தில், கிளைவிட்டுத் தனித்தனியே நிற்கின்றன. செல்லும் செல்லும் சந்திக்கும் இடத்தில் இடைத்தட்டு என்ற அமைப்பு இருக்கிறது. வலுவான பிணைப்புகளால் செல்கள் பிய்ந்துபோகாமல் காப்பதும், ஒரு செல்லின் மின்தூண்டலை நுண்துளைகள் வழியே அடுத்த செல்லுக்குக் கடத்துவதும் இந்தத் தட்டின் இரு பணிகள். ஒரு மூலையில் எழும் தூண்டல் ஊர்த் திருவிழாவில் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும் தீபம்போலப் பரவிவிடுவதால், கோடிக்கணக்கான தனிச் செல்கள் ஒரே தசைபோலச் சேர்ந்து சுருங்குகின்றன.

அந்த முதல் தூண்டல் எங்கே பிறக்கிறது என்ற வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விடை கிடைத்தது. மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்தூண்டலைக் கடத்தும் முடிச்சை ஜப்பானியரான சுனாவோ தவாரா 1906-இல் விவரித்தார். துடிப்பு பிறக்கும் இடமான வலது மேலறை முடிச்சை 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் ஆகியோர் கண்டறிந்தனர். அந்த முடிச்சின் செல்கள் எவர் ஆணையும் இன்றித் தாமாகவே ஒழுங்கான இடைவெளியில் மின்தூண்டலை எழுப்புகின்றன. நரம்புகள் அந்தத் தாளத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றனவே தவிர, அதைப் படைப்பதில்லை. நரம்புகள் அறுக்கப்பட்டு வேறொருவர் மார்பில் பொருத்தப்பட்ட மாற்று இதயம் தொடர்ந்து துடிப்பதற்கு இதுவே அடிப்படை. நரம்பு அறுந்தால் சூம்பும் கால் தசைக்கும், நரம்பு அறுந்தும் துடிக்கும் இதயத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

தாளத்தைக் காக்க மற்றொரு பாதுகாப்பும் உண்டு. எலும்புத் தசையில் ஒரு மின்தூண்டல் சில மில்லி நொடிகளில் முடிந்துவிடுவதால், தூண்டல்கள் அடுத்தடுத்து வரும்போது சுருக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தசை இடைவிடாமல் இறுகி நிற்கும். பாரம் தூக்கும் கைக்கு அதுவே தேவை. இதயம் அவ்வாறு இறுகி நின்றால் இரத்தம் நிரம்ப இடமின்றி உயிர் போய்விடும். எனவே இதயத் தசையில் ஒரு தூண்டல் 200 முதல் 300 மில்லி நொடிகள் வரை நீள்கிறது. பெரும்பாலும் சுருக்கம் தளரத் தொடங்கும் வரை அடுத்த தூண்டலை அச்செல் ஏற்பதில்லை. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் ஓய்வு கட்டாயமாக்கப்பட்டிருப்பதால்தான், நிமிடத்துக்கு 70 முறை என்ற கணக்கில் நாளொன்றுக்கு 1,00,800 முறையும், 70 ஆண்டுகளில் 250 கோடி முறைக்கு மேலும் அதனால் துடிக்க முடிகிறது. அந்த உழைப்புக்கு ஈடாக, இதயச் செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியாக்களே நிரப்பியிருக்கின்றன. ஆக்ஸிஜன் இன்றி அவற்றால் ஆற்றல் தர முடியாது என்பதால், களைத்த காலைப்போலக் கடன் வாங்கி உழைக்கும் வசதி இதயத்துக்கு மிகக் குறைவு.

கால்சியத்தைப் பெறும் முறையும் இங்கே மாறுகிறது. இலண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், வெட்டியெடுத்த தவளையின் இதயம் உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டே இருந்ததைக் கண்டார். அந்தக் கரைசல் குழாய் நீரில் கலக்கப்பட்டிருந்தது; காய்ச்சி வடித்த நீரில் கலந்தபோது துடிப்பு மெல்ல நின்றது. குழாய் நீரில் இருந்து, வடித்த நீரில் இல்லாமற்போன பொருள் கால்சியம் என்பதை அவர் 1883-இல் வெளியிட்டார். எலும்புத் தசை தன் உள்ளிருப்பைக் கொண்டே சுருங்க வல்லது. இதயத் தசைக்கோ ஒவ்வொரு துடிப்பிலும் வெளியிலிருந்து நுழையும் சிறிதளவு கால்சியம்தான் உள்ளிருப்பின் கதவைத் திறக்கிறது. இன்று மருத்துவமனைகளில் நரம்பு வழியே ஏற்றப்படும் ரிங்கர் லாக்டேட் கரைசல் இவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தாங்கலுக்கான தசை

மென்தசையின் செல் இரு முனைகளும் கூம்பிய நூற்புக்கதிர் வடிவினது. நடுவில் ஒரே உட்கரு உடையது. எலும்புத் தசை நாரோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆக்டினும் மயோசினும் இங்கும் உண்டு. ஆனால் அவை சார்கோமியர்களாக அடுக்கப்படாமல், செல்லின் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல ஓடுவதால் வரிகள் தோன்றுவதில்லை. அடுக்கு இல்லாததால் வேகம் குறைகிறது. அதற்கு ஈடாக, வெகுவாக நீட்டப்பட்ட நிலையிலும் சுருங்கும் திறன் கிடைக்கிறது. வெறுமையாக இருந்து அரை லிட்டர் வரை நிரம்பி, மீண்டும் முழுமையாகச் சுருங்கி வெளியேற்றும் சிறுநீர்ப்பைக்கு வரித்தசையின் இறுக்கமான அடுக்கு ஒத்துவராது.

சுருக்கத்தைத் தொடங்கும் பூட்டும் இங்கே வேறு. வரித்தசையிலும் இதயத்திலும் ஆக்டின் இழைமேல் அமர்ந்திருக்கும் ட்ரோபோனின் என்ற புரதம் கால்சியத்தை ஏற்றவுடன் வழி திறக்கிறது. மென்தசையிலோ கால்சியம் முதலில் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து, அந்த இணை ஒரு நொதியைத் தூண்டி, அந்த நொதி மயோசின் தலையில் ஒரு பாஸ்பேட்டைப் பொருத்திய பிறகே இழுவை தொடங்குகிறது. இத்தனை படிகளால் தாமதம் நேர்ந்தாலும், ஒருமுறை பற்றிய மயோசின் தலைகள் எளிதில் விடாமல், தாழ் போட்டதுபோல, மிகக் குறைந்த ஏ.டி.பி. செலவில் நெடுநேரம் பிடித்து நிற்கின்றன. இரத்த அழுத்தத்தை நிலைநிறுத்தும் சிறு தமனிகளின் சுவர்கள் வாழ்நாள் முழுவதும் ஓரளவு இறுகியே இருந்தும் களைப்படையாதது இந்தச் சிக்கனத்தால்தான்.

மென்தசையின் ஆற்றலை மிக அணுக்கமாகக் காட்டுவது பேறுகாலக் கருப்பையாகும். ஏறத்தாழ 70 கிராம் எடையுள்ள அந்த உறுப்பு, அதன் தசைச் செல்கள் பல மடங்கு நீண்டு தடிப்பதால், பத்தாம் மாதத்தில் ஒரு கிலோவை நெருங்குகிறது. குழந்தை பிறந்து நச்சுக்கொடி பிரிந்தவுடன், அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் திறந்து கிடக்கும். அவற்றைச் சூழ்ந்து பின்னலிட்டு ஓடும் தசை இழைகள் இறுகி, குழாய்களை முறுக்கி அடைப்பதாலேயே குருதிப்பெருக்கு நிற்கிறது. கருப்பை தொய்ந்து சுருங்கத் தவறினால் சில நிமிடங்களிலேயே தாயின் உயிருக்கு ஆபத்து நேர்கிறது. பேறு முடிந்தவுடன் ஆக்சிடோசின் ஊசி போடப்படுவதும், செவிலியர் அடிக்கடி அடிவயிற்றில் கைவைத்துக் கருப்பை கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த மென்தசைக்காகவே.

எல்லைகள் கலக்கும் இடம்

எலும்புத் தசை இச்சைக்கு உட்பட்டது, மற்ற இரண்டும் உட்படாதவை என்ற பாடநூல் வரையறை பெருமளவு சரியே எனினும், ஒரு கவளம் சோறு தொண்டையைக் கடக்கும்போதே அந்த எல்லை கலங்கிவிடுகிறது. மெல்லுவதும் நாவால் கவளத்தைப் பின்னே தள்ளுவதும் இச்சைப்படி நிகழ்கின்றன. தொண்டையைத் தொட்ட பிறகு அதை நிறுத்த எவராலும் இயலாது. ஆயினும் தொண்டையிலும், ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழலின் மேல் மூன்றில் ஒரு பகுதியிலும் இருப்பவை வரித்தசைகளே. நடுப்பகுதியில் வரித்தசையும் மென்தசையும் கலந்து நிற்க, கீழ்ப்பகுதி முழுவதும் மென்தசையாகிறது. இருவேறு தசைகளின் மீது ஓடும் அலை எங்கும் தடுமாறாமல் சில நொடிகளில் கவளத்தை இரைப்பையில் சேர்க்கிறது. மூச்சை இயக்கும் உதரவிதானமும் இத்தகையதே: அது எலும்புத் தசைதான் எனினும், உறக்கத்தில் எவரும் நினையாமலே இயங்குகிறது, விழித்திருப்பவர் மூச்சை அடக்கினாலும் சிறிது நேரத்தில் மூளைத்தண்டின் ஆணை அவரை மீறிவிடுகிறது. இச்சை என்பது தசையின் பண்பாக இல்லாமல், அதனை ஆளும் நரம்பு வழியின் பண்பாக இருப்பதை இவை உணர்த்துகின்றன.

அசிட்டைல்கோலின் என்ற ஒரே மூலக்கூறு மூன்று தசைகளிடமும் பெறும் பதில்கள் இதனை மேலும் தெளிவாக்கும். எலும்புத் தசையை அது சுருங்கச் செய்கிறது. இதயத்திலோ துடிப்பைத் தணிக்கிறது. ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதனைச் சூழ்ந்த நீரை மற்றொரு இதயத்தில் சேர்த்தபோது அதுவும் மெதுவாகத் துடித்ததை 1921-இல் ஓட்டோ லோவி காட்டினார். அந்த நீரில் இருந்த பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர் உறுதியானது. குடலிலும் மூச்சுக் கிளைக்குழல்களிலும் மென்தசையை அது இறுகச் செய்கிறது. இரத்தக் குழாயில் மட்டும், உட்புறச் செல்படலம் பழுதின்றி இருந்தால் தசை தளர்கிறது, படலத்தைச் சுரண்டிவிட்டால் தளர்வதில்லை என்று 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் கண்டார். படலம் வெளியிடும் அந்தத் தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற எளிய வாயு என்பது பின்னர் விளங்க, 1998-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகிய மூவருக்கும் கிடைத்தது. நெஞ்சுவலியின்போது நாக்கின் அடியில் வைக்கப்படும் நைட்ரோகிளிசரின் மாத்திரை உடலுக்குள் வழங்குவதும் இதே வாயுவைத்தான்.

காயமும் ஆறுதலும்

மூன்று காலக்கணக்குகளும் தம் முழு விலையையும் காட்டுவது தசை காயப்படும்போதுதான். எலும்புத் தசை நார்களின் ஓரத்தில் உறங்கும் சிறு செல்களை 1961-இல் அலெக்சாண்டர் மவுரோ கண்டு, சாட்டிலைட் செல்கள் எனப் பெயரிட்டார். நார் கிழிந்தால் இவை விழித்துப் பெருகி, பழுதுபட்ட இடத்தை நிரப்புகின்றன. மென்தசைச் செல்கள் தாமே பிளவுற்றுப் பெருக வல்லவை. இதயத் தசைக்கு இந்த இரண்டு வாய்ப்புகளும் ஏறக்குறைய இல்லை. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பெருகிய கார்பன்-14-ஐக் காலக்குறியாகக் கொண்டு 2009-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் கணித்தபோது, 25 வயதில் இதயத் தசைச் செல்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடும், 75 வயதில் 0.45 விழுக்காடும் மட்டுமே புதுப்பிக்கப்படுவது தெரியவந்தது.

எனவே இதயத் தமனி அடைபட்டு மடியும் தசையின் இடத்தை, சுருங்கவோ மின்தூண்டலைக் கடத்தவோ இயலாத வடுத் திசுவே நிரப்புகிறது. மடியும் செல்களிலிருந்து இதயத்துக்கே உரிய ட்ரோபோனின் இரத்தத்தில் கசிவதால், மாரடைப்பை உறுதிசெய்யும் சோதனையாக அதன் அளவே இன்று பார்க்கப்படுகிறது. நெஞ்சில் பாரம் அழுத்துவதுபோன்ற வலியும் வியர்வையும் கண்டவரை வாயுப்பிடிப்பு என்று வீட்டிலேயே படுக்க வைத்துக் கழிக்கும் ஒவ்வொரு மணியும், மீளாத செல்களைக் கொண்டு செலுத்தப்படும் விலையாகும். உழைத்தால் தடிக்கும் கைத் தசையைப் பயிற்சியால் மீட்கலாம். இறுகிய மூச்சுக்குழலை மருந்தால் தளர்த்தலாம். ஓய்வையும் தாளத்துக்குள்ளேயே வைத்துக்கொண்ட இதயத் தசைக்கு மட்டும், நின்று தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் நேரம் ஒதுக்கப்படவில்லை. அந்த நேரத்தை அதற்குத் தர வல்லது, அதனைச் சுமந்திருப்பவரும் அவரைச் சுற்றியிருப்பவர்களும் காட்டும் விரைவே.